பசியாற வந்தவர்

நான் யாரையும் கூப்பிடவில்லையே.

மாடிப்படியின் உச்சியில், சாவியைக் கையில் எடுத்தபடி ஷர்மிளா அப்படித்தான் நினைத்தாள். கதவுக்கு முன்னால் கிடந்த சாக்கு மிதியடியின் மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. ஆண் செருப்பு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆம்பூரில் மழை பெய்து வெகு நாளாகிறது. பாலாற்றில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டின் சிமெண்ட், பகல் முழுக்கக் குடித்த வெயிலை இன்னும் கக்கிக்கொண்டிருந்தது. செருப்பைச் சுற்றி மட்டும் ஈரம் மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டது போல.

அவளுக்கு மனிதர்களின் முகத்துக்கு முன் காலைப் பார்க்கும் பழக்கம். வெளிநாட்டுக் காலணி நிறுவனம் ஒன்றுக்காக இந்த ஊர்த் தொழிற்சாலைகளின் ஷூக்களையும் தோலையும் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அதனால் கண் தானாகவே கணக்கெடுத்தது. குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது. இடது செருப்பின் வார் அறுந்து, நீல வயரால் முறுக்கிக் கட்டியிருக்கிறது. இரண்டின் முனையும் கதவைப் பார்த்திருக்கின்றன. அப்படியென்றால் இது உள்ளே போனவரின் செருப்பு.

கதவில் அவள் காலையில் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

உள்ளே யாரும் இல்லை. ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள், பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வாசனை மட்டும் இருந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில் காற்று திரும்பும்போதெல்லாம் குமட்டிய வாசனை, சுண்ணாம்பும் அழுகிய முட்டையும் நனைந்த மிருகமும் சேர்ந்தது. ஒரு வருடத்தில் மூக்கு அதை மறந்திருந்தது. இப்போது சமையலறை வாசலில் அது ஓர் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

விளக்குமாற்றால் செருப்புகளைப் படியோரமாகத் தள்ளித் தெருவுக்குத் தட்டிவிட்டாள். கதவைத் தாழிட்டாள். டிவியைப் போட்டாள்.

ஊர் கேபிள் சேனல்தான் அவளுக்குத் துணை. ஈப்போவில் இருக்கும் அம்மாவிடம் தினமும் அதைத்தான் தொடர்கதை மாதிரிச் சொல்வாள்: காணாமல் போன எருமை, பஜாரில் குழாய் உடைப்பு, பேரணாம்பட்டு பஸ் நின்றுபோனதால் சாலை மறியல், கண்ணீர் அஞ்சலிகள். ஊர்ச் செய்தி தெரிந்தால் ஊர்க்காரி ஆகிவிடலாம் என்று ஓர் எண்ணம். ஆனாலும் ஆட்டோக்காரர்கள் அவள் வாயைத் திறந்ததும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், "சிலோனாம்மா?" இல்லை, மலேசியா என்பாள். சிரிப்பாள். தலையாட்டுவாள். ஒரு வருடமாக இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள். விருந்தாளி வீட்டுக்காரரின் குறையைப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள்.

திரையின் அடியில் எழுத்துகள் ஓடின. புறவழிச்சாலையில் அடையாளம் தெரியாத வாகனம் மோதி தோல் ஷாப்புத் தொழிலாளி சின்னசாமி பலி. நேற்று முன்தினத்திலிருந்து அதே வரி.

பொய், என்று அவள் நினைத்தாள். சத்தமாகச் சொல்லவில்லை.

சின்னசாமியை அவள் கடைசியாகப் பார்த்தது தோல் பதனிடும் அந்த ஷாப்பின் பின்பக்கத்தில். ஒரு லோடு தோலில் கறை என்று பார்க்கப் போயிருந்தாள். கழிவுத் தொட்டியின் மூடி திறந்திருந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்து அவர் செருப்பைக் கழற்றி, பூஜை அறைக்குள் போகிறவர் போலப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். வாய்க்கு ஒரு துண்டுகூட இல்லை. இடுப்பில் கயிறு இல்லை.

"இன்னாம்மா, பசி ஆறிச்சா?" என்று கேட்டார்.

அவளைக் கிண்டல் செய்ய அவர் வைத்திருந்த வாக்கியம் அது. அவள் ஊரில் சாப்பிட்டீர்களா என்பதற்குப் பசியாறியாச்சா என்றுதான் கேட்பார்கள். முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

"இன்னும் இல்லீங்க. நீங்க?"

"அடைப்ப எடுத்துட்டு மேல வந்துதான். வூட்ல கருவாட்டுக் கொயம்பு."

ஏணியில் இறங்கினார். முதலில் இடுப்பு, பிறகு தோள், பிறகு எண்ணெய் வைத்து வாரிய தலை. இது ஆபத்தில்லையா என்று அவள் மேனேஜர் மதியழகனிடம் கேட்டாள். "அதுங்களுக்கு பழக்கம் மேடம்" என்று சொல்லி, அவர் அவளுக்காகக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் சாவு வீட்டுக்குப் போனாள். பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டி. வண்டி அடித்ததாகச் சொன்ன முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நகங்கள் மட்டும் நீலம், பதனிடும் ட்ரம்மிலிருந்து அப்போதுதான் எடுத்த தோலின் வெளிறிய நீலம். அவர் மனைவி ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் பெட்டியின் கண்ணாடியை விட்டு அகலவில்லை. கடைசியில் வாய் தன் பழக்கத்தில் பேசிவிட்டது: "போயிட்டு வரேங்க. ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க, பசியாறலாம்."

பந்தலில் பேச்சு நின்றது. மேளம் அடித்தவர்கூட ஒரு அடியைத் தவறவிட்டார். ஜோதி அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருந்த ஈரத்தில் ஒரு துளி கோடாக இறங்கியது.

செருப்பைத் தட்டிவிட்ட அந்த இரவு சமையலறையில் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

குழாய் சொட்டுகிறது என்று முதலில் நினைத்தாள். சொட்டும் குழாய்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. இதற்கு இல்லை. இது சோற்று வாசனைக்கு முன்னால் காத்திருக்கும் தொண்டையின் சத்தம், கேட்டால் வெட்கக்கேடு என்று அடக்கி அடக்கி விழுங்குவது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, பெங்களூர் போகும் ரயில் ஒன்று கடக்கும் வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரயில் போன பிறகும் கேட்டது.

காலையில் செருப்புகள் வீட்டுக்குள் இருந்தன. தாழிட்ட கதவுக்கு இந்தப் பக்கம். முனைகள் சமையலறையைப் பார்த்தபடி.

சமைக்க வரும் கோவிந்தம்மாள் உள்ளே எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"யாரும்மா வந்துகிறாங்க?"

"யாரும் இல்லீங்க."

"நீங்க சாவு வூட்டுக்குப் போனீங்கன்னு சொன்னாங்க. போய் இன்னா சொன்னீங்க? அத அப்டியே சொல்லுங்க."

ஷர்மிளா சொன்னாள். கோவிந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யே! படிச்ச பொண்ணு நீ. சாவு வூட்ல 'வாங்க'ன்னு யாரும் கூப்டவும் மாட்டாங்க, கிளம்பறப்போ 'வர்றேன்'னு யாரும் சொல்லவும் மாட்டாங்க. வாயத் தொறக்காம எழுந்து வந்துகினே இருக்கணும். நீ போய் பொணத்தப் பாத்துகினு சோத்துக்குக் கூப்ட்டுகிறியே!"

"எங்க ஊர்ல அது ஒரு மரியாதைங்க. எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"உங்க ஊர்ல செத்தவங்க மரியாத தெரிஞ்சவங்களா இருப்பாங்க." கோவிந்தம்மாள் செருப்பை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அந்தத் தொட்டிக்குள்ள எறங்கினது இவரு ஒருத்தர் இல்லம்மா. முன்னாடியே எத்தினியோ பேரு. எல்லாம் மேல வந்து சாப்படலாம்னு போனவங்கதான். வவுத்துப் பசியோட கீதுங்க."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"கூப்ட்டவங்கதான் அனுப்பணும். ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கோ. மூஞ்சிக்கு நேரா நில்லு. 'நான் உன்னப் பாக்கவே இல்ல'ன்னு சொல்லு. தண்ணிய வாசல்ல ஊத்து. திரும்பிப் பாக்காத. அவ்ளோதான், போய்டுவாரு."

சொல்லிவிட்டு அவளும் போய்விட்டாள். அன்று சமைக்கவில்லை.

மத்தியானம் கீழ் வீட்டிலிருந்து அக்தரி பேகம் மேலே வந்தார். வீட்டுக்காரர். முட்டி வலியோடு படியேறியதால் மூச்சு வாங்கியது. "இன்னா ஷர்மிளா, சமையல் ரூம்ல தண்ணியத் தொறந்துட்டு மறந்துட்டியா? கீழ என் அடுப்பு மேலயே சொட்டுது. ஒரே பேஜாரு. நாத்தம் வேற."

"நான் குழாயே திறக்கலை ஆன்ட்டி."

"அப்ப யாரு தொறந்தா, உன் மலேசியா மாப்பிள்ளையா?" என்று சிரித்தவர், உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிப்பு வடிந்தது. சமையலறைத் தரையில் அடுப்புக்கு எதிரே, சம்மணமிட்டு உட்கார்ந்த ஓர் ஆளின் அளவுக்கு ஈரம் இருந்தது. அதற்கு முன்னால், அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டு. கழுவி, நேராக வைத்தது. அக்தரி பேகம் உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டே இறங்கிப் போனார். முட்டி வலி அப்போது அவருக்கு நினைவில்லை.

அவள் வேறு எங்காவது போயிருக்கலாம். வேலூரில் லாட்ஜ் இருக்கிறது. சென்னையில் விமானம் இருக்கிறது. அலமாரியைத் திறந்து பெட்டியை எடுக்கவும் செய்தாள். பெட்டி முன் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தாள். அவளைப் பயமுறுத்தியது அந்த ஈரம் மட்டும் இல்லை. கோவிந்தம்மாள் சொல்லிக் கொடுத்த அந்த வாக்கியம். எவ்வளவு சுலபமான வாக்கியம். இவ்வளவு நாளும் அவள் இந்த ஊரில் அதைத்தானே, வாய் திறக்காமல், சொல்லிக்கொண்டிருந்தாள்? நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது. நான் வெளியூர்.

இருந்தாலும் சாயங்காலம் சொம்பில் தண்ணீர் பிடித்தாள். பயம் யோசனையைவிடப் பெரியது. அரிசியும் வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, குக்கர் விசில் சத்தமாவது வீட்டில் கேட்கட்டும் என்று இருக்கலாம். மசூதியில் மக்ரிப் பாங்கு ஒலித்தது. ஷூ கம்பெனிப் பஸ்கள் பெண்களை இறக்கிவிட்டுப் போகும் ஓசை தெருமுனையில் கேட்டது. வெளிச்சம் ஜன்னல் கம்பிகளை விட்டு ஒவ்வொன்றாக இறங்கியது. சோறு வெந்த வாசனை எழுந்தது. அதோடு சுண்ணாம்பு வாசனையும்.

சொம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனாள். ஈரத்தின் முன் நின்றாள். நான் உன்னை. நான் உன்னைப் பார்க்க.

கதவு தட்டப்பட்டது.

மதியழகன். கையில் ஒரு பை ஆப்பிள். உள்ளே வந்து மரியாதையாக ஷூவைக் கழற்றினார், நனைந்த செருப்புகளுக்குப் பக்கத்திலேயே. அவற்றைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"உக்காரலாமா மேடம்? ஊரே உங்களப் பத்தித்தான் பேசுது. பந்தல்ல பொணத்துக்கே விருந்து வெச்சீங்களாமே!" சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதுகு சமையலறைப் பக்கம். "இன்ஸ்பெக்டர் இன்னிக்கே கேஸ முடிச்சிடறாராம். உங்ககிட்ட ஒரே ஒரு வார்த்த. சின்னசாமிய அன்னிக்கு ஷாப்புல நீங்க பாக்கவே இல்லன்னு. அவ்ளோதான்."

சொம்பைக் கீழே வைக்காமலே அவள் நின்றாள்.

"நீங்க எங்களுக்கு விருந்தாளி. விசா, வேல, எல்லாம் நல்லபடியா இருக்கணும் இல்லையா? ஜோதிக்கு நாங்க பாத்துக்கறோம். எதுக்கு உங்களுக்கு டென்ஷன்?" இன்ஸ்பெக்டரின் நம்பரை அழுத்தி, போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது.

அவள் அவருடைய தோளுக்கு மேலே பார்த்தாள்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சமையலறையின் ட்யூப் லைட் தூசியைக்கூட விடாமல் காட்டியது. தரையில் தட்டுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். வாரிய தலையிலிருந்து நீர் வழிந்து, காதோரமாக, தாடையோரமாக, சொட்டிக்கொண்டிருந்தது. தோல் நீலச் சாம்பல். உப்பியிருந்தது. கைகளை மடியில் வைத்திருந்தார், பரிமாறாமல் தொடக் கூடாது என்று காத்திருக்கும் விருந்தாளியாக. கண்கள் திறந்திருந்தன. அவற்றில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. பசி மட்டும்.

"ஹலோ," என்றது போன். "மலேசியா மேடம்தானே? சின்னசாமிய நீங்க அன்னிக்குப் பாக்கல. கரெக்டா?"

ஒரே வாக்கியம். சொன்னால் இவர் எழுந்து போய்விடுவார். அவரும் எழுந்து போய்விடுவார். வீடு காலியாகும். தரை காயும். நாளைக் காலை கோவிந்தம்மாள் வருவாள்.

சொம்பு சாய்ந்து, தண்ணீர் அவள் புறங்கையில் வழிந்தது.

எச்சில் விழுங்கும் சத்தம்.

"பார்த்தேன் சார்," என்றாள்.

"இன்னாது?"

"தொட்டிக்குள்ள இறங்கினதைப் பார்த்தேன். செருப்பை மேல கழட்டி வச்சிட்டு இறங்கினாரு. மேனேஜர் சாரும் பக்கத்துல இருந்தாரு. அந்தச் செருப்பு இப்ப என் வீட்டுக்குள்ள இருக்கு." மூச்சு விட்டாள். "எங்க வந்து வேணாலும் சொல்றேன்."

மதியழகன் போனைப் பாய்ந்து அணைத்தார். நாற்காலி சாய்ந்தது. "உங்களுக்கு இன்னா மேடம் வந்துச்சு? நாளைக்கே ஃபிளைட் ஏத்தி..."

நின்றுவிட்டார். காதைச் சாய்த்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பினார்.

ஷர்மிளா அவரைக் கடந்து சமையலறைக்குள் போனாள். சொம்புத் தண்ணீரை வாசலில் ஊற்றவில்லை, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். குக்கரைத் திறந்தாள். ஆவி. ஒரு கரண்டிச் சோறு எடுத்துத் தட்டில் போட்டாள்.

"சாப்பிடுங்க," என்றாள்.

நீல விரல்கள் சோற்றைப் பிசைந்தன. வெள்ளைச் சோறு நிறம் மாறியது. வாய்க்குப் போன ஒவ்வொரு கவளமும் தாடை வழியாக நீராகத் திரும்பி வழிந்தது. வழிய வழியச் சாப்பிட்டார். தலை நிமிரவில்லை.

படிக்கட்டில் சத்தம். யாரோ செருப்பைக் கழற்றுகிறார்கள். ஈரமான செருப்பு. சப், சப். அதன் கீழ்ப் படியில் இன்னொரு ஜோடி. அதற்கும் கீழே இன்னொன்று. தெருவரை.

மதியழகன் கதவுக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றார். எந்தப் பக்கமும் நகரவில்லை. வாசலில் கழற்றிய அவருடைய ஷூக்கள் நிறைந்து, நீலத் தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருந்தது. காலுறை நனைந்திருந்தது.

"மேடம்." கைகளைக் கூப்பினார். "நீங்க கூப்ட்டதுதானே. நீங்க சொன்னா போய்டுவான். பாக்கலன்னு சொல்லுங்க. மேடம், உங்க கால்ல விழறேன். போவச் சொல்லுங்க."

வாசலில் ஒரு ஈரமான கை நிலைப்படியைப் பிடித்தது. பிறகு இன்னொன்று.

ஷர்மிளா அலமாரியிலிருந்து மற்ற தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"மாட்டேங்க," என்றாள். "இன்னும் பசியாறலை."